கோட்டைக்காரர் யாரிடம் சொன்னார்?

ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய குரல் கலைஞருக்கு,

இப்படி ஆரம்பித்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். "அன்புள்ள" என்று எழுதினால் வக்கீலம்மா திட்டுவார். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எதுவானாலும் எழுத்தில்தான் என்று அவர்தானே சொல்லியிருக்கிறார். நலமா? இப்போது லிஃப்ட்டுகளுக்குக் குரல் கொடுக்கிறீர்களாமே, அத்தை சொன்னார்கள். உங்கள் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. விவாகரத்து உங்கள் இரண்டு பேருக்கும்தான், எனக்கில்லை என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். கதை, வசனம் நானேதான். கோட்டைக்காரரும் கட்டாயம் உண்டு. அவர் இல்லாமல் வெளியிட்டால் ரசிகர்கள் ஸ்டுடியோவையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்று டைரக்டர் பயப்படுகிறார். நான் எழுதி நீங்கள் பேசிய வில்லன் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார். ஆனால் நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய வசனம் யாருக்கும் ஞாபகம் இல்லை. "உன் எலும்புகளால் என் மதில் உயரும்" என்று எழுதினேனே, ஒருவர்கூட அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் பிடித்தது நான் எழுதாத ஒரு வரி.

உங்களுக்கே தெரியும். விளையாடுகிறவர் தோற்று விழுந்ததும் கோட்டைக்காரர் கத்தியைத் துடைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பி நடப்பார். திரை இருளும். அப்போது சம்பந்தமே இல்லாமல், மெதுவாக, "கதவைச் சாத்திட்டு வா, குளிருது" என்பார். உங்கள் கடைசி டேக் முடிந்த பிறகும் ஓடிய பதிவை வெட்டாமல் சவுண்டு அண்ணன் அப்படியே கேமில் சேர்த்துவிட்டார். கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் கேம் வெளியாகிவிட்டது. இப்போது அந்த வரியைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று தோற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அவர் அதை யாரிடம் சொன்னார்? செத்துப்போன மகளிடம் என்று இரண்டாம் பாகத்தில் விளக்கிவிடலாம் என்கிறார் டைரக்டர். எனக்கு மனசு ஒப்பவில்லை. உண்மை தெரிந்தால் அவரோடு வாதாட வசதியாக இருக்கும். அந்த நேரம் நான் அங்கே இல்லை. உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன், அன்று மாலையே பெட்டியோடு அக்கா வீட்டுக்கும் போய்விட்டேன். சவுண்டு அண்ணனிடம்தானே சொன்னீர்கள்?

28-ஆம் தேதி கோர்ட்டில் பார்ப்போம். அன்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் வக்கீலம்மா. அதற்கு முன் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வசனகர்த்தா


ஆகஸ்ட் 7

வசனகர்த்தா அம்மாவுக்கு,

நலம். நான் எப்போதிலிருந்து "நீங்கள்" ஆனேன்? படிக்கும்போது பின்னால் யாராவது பெரிய மனுஷர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

லிஃப்ட் வேலை உண்மைதான். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாடி எண்களை மட்டும் சொன்னேன். அடுத்த நாள் "கதவுகள் மூடுகின்றன, விலகி நிற்கவும்." சுகமான வேலை. உன் குரலில் கோபம் போதவில்லை என்று யாரும் வந்து சொல்வதில்லை. நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே என் லிஃப்ட்தான் ஓடுகிறது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஏறினால் என்னை நானே விலகி நிற்கச் சொல்கிறேன்.

உன் கேள்விக்கு வருவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த வரியில் அப்படி என்னதான் இருக்கிறது? மிரட்டல் இல்லை, சாபம் இல்லை, அடுக்குமொழி இல்லை. வேறொரு கேமில் நான் பேசிய வில்லன் ஒரு நாட்டையே எரித்தான். அவனுக்காகச் சிரித்துச் சிரித்து எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அவனை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. இந்த மனுஷன் கதவு திறந்திருக்கிறது என்று முணுமுணுத்தார், அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ரசிகர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எழுது. எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

சவுண்டு அண்ணனிடம் சொல்லவில்லை. அதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

இப்படிக்கு,
கரகரப்பு
(நீ வைத்த பட்டப்பெயர்தான். கோர்ட் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.)


ஆகஸ்ட் 11

கரகரப்புக்கு,

பாதி பதில் எழுதிவிட்டு மீதிக்கு என்னைத் தவிக்க விடுவது உங்கள் பழைய பழக்கம். மாறவே இல்லை.

ரசிகர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஒரு பல் டாக்டர் எழுதியிருக்கிறார்: "அவர் சிரிப்பதே இல்லை. மற்ற வில்லன்கள் எல்லாம் வில்லன் வேலைக்கு வந்தவர்கள் போல இருக்கிறார்கள். இவர் தன் வீட்டில் சும்மா இருக்கிறார். அந்த வரியைக் கேட்ட பிறகுதான், கேட்காமல் கொள்ளாமல் உள்ளே புகுந்தது நான்தான் என்று உறைத்தது." ஒரு கல்லூரிப் பெண் பக்கம் பக்கமாக ஆராய்ச்சியே செய்திருக்கிறாள். காவலர்கள் எல்லோரும் செத்த பிறகு கோட்டையில் வேறு யாருமே இல்லை, அப்படியிருக்க அந்தக் கதவைச் சாத்திவிட்டு வரப்போவது யார் என்று கேட்கிறாள். எனக்கே தெரியாத வாசல்களையெல்லாம் படம் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

என்னைப் பிடித்து உலுக்கியது பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி எழுதியது. "இந்த கேம்ல ராஜா, குரு, கடைக்காரன் எல்லாரும் என்னைப் போ போன்னு விரட்டிக்கிட்டே இருக்காங்க. போய் சாவியைக் கொண்டா, போய் அவனைக் கொல்லு. என்னை வான்னு சொன்ன ஒரே ஆளு கோட்டைக்காரர்தான். எதிரியா இருந்தா என்ன?" இதைப் படித்துவிட்டு நான் எழுதிய வசனம் முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். ஒரு "வா" கூடக் கிடையாது. இத்தனை பேரை உண்டாக்கி ஒருவரைக்கூட நான் வாய் நிறையக் கூப்பிட வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அத்தையும் விளையாடுகிறார்கள், தெரியுமா? எப்படிக் குதிப்பது, எப்படி ஏணியில் ஏறுவது என்று தினமும் எனக்குப் போன். ஒருவழியாகக் கோட்டைக்காரர் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். "எம் புள்ள குரல்ல ஒருத்தன் பேசுறான், அவனை நான் எப்படிம்மா வெட்டுவேன்? அவனே என்னை வெட்டிட்டுப் போகட்டும்" என்றார்கள். தோற்று, அந்த வரியைக் கேட்டார்கள். பிறகு, "இது நடிப்பு இல்லம்மா. அவன் யாரையோ நெசமாவே கூப்பிடுறான்" என்றார்கள்.

அதனால் நேராகவே கேட்கிறேன். யாரை? அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? கேட்கிற உரிமை எனக்கு 28-ஆம் தேதி வரை இருக்கிறது.

டைரக்டரிடமிருந்து ஒரு வேண்டுகோள். அதே வரியை இரண்டாம் பாகத்துக்குப் புதிதாகப் பேசித் தரவேண்டுமாம்.

இப்படிக்கு,
வசனகர்த்தா


ஆகஸ்ட் 16

அன்புள்ள வசனகர்த்தாவுக்கு,
(வக்கீலம்மா திட்டினால் என்னைத் திட்டட்டும்.)

டைரக்டர் கேட்டாரே என்று பேசிப் பார்த்தேன். வெளிச்சத்தம் வராமல் இருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் பதிவு செய்தேன். எத்தனையோ தடவை. ஒவ்வொன்றும் லிஃப்ட் மாதிரியே இருக்கிறது. கேட்கிறவர்கள் எத்தனையாவது மாடி என்று கேட்பார்கள். எனக்கு அது வரவில்லை, இனிமேலும் வராது.

பஸ் ஓட்டுகிற அந்த அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். என் அம்மாவும்தான்.

அன்றைக்கு நீ எல்லோர் முன்னாலும் என்னிடம், "உனக்குக் கோபமே வராது. மைக்லயும் வராது, வீட்லயும் வராது. செவுத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாய். நீ எந்தக் கதவைத்தான் சாத்தியிருக்கிறாய்? அலமாரி, ஃபிரிட்ஜ், குளியலறை, எல்லாவற்றுக்கும் பின்னாலேயே வந்து சாத்துவதுதான் எனக்கு வேலை. சவுண்டு அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தம்பி, இன்னொரு டேக் போயிடலாம்" என்றார். பேசினேன். கோபமாகத்தான் பேசினேன். அந்த டேக்தான் கேமில் இருக்கிறது.

முடித்துவிட்டுத் திரும்பினால் கதவு அப்படியே கிடக்கிறது. வராந்தாவின் ஏசி காற்று நேராக என்மேல் அடிக்கிறது. லிஃப்ட்டை நோக்கிப் போன உன் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. நீ மனசு மாறித் திரும்பி வருகிறாய் என்று நினைத்தேன். அப்போதுதான் அதைச் சொன்னேன். மன்னிப்பு, கின்னிப்பு என்று ஆரம்பித்தால் நீ மறுபடியும் சண்டைக்கு வருவாய். வீட்டில் எப்போதும் சொல்வதுபோலச் சொன்னால் நீயும் எப்போதும்போல உள்ளே வந்துவிடுவாய் என்று ஒரு கணக்கு.

சத்தமாகச் சொல்லியிருக்கலாம். மைக்குக்குக் கேட்டது, ஊர் உலகத்துக்கெல்லாம் கேட்டது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. லிஃப்ட் வந்தது. நீ போய்விட்டாய்.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. இனி டைரக்டரிடம் நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
கரகரப்பு


ஆகஸ்ட் 20

அன்புள்ள கரகரப்பு,

உன் கடிதத்தை ஸ்டுடியோ படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். லிஃப்ட்டில் ஏறத் தோன்றவில்லை. பிறகு மேலே போய் கேமைப் போட்டு, வேண்டுமென்றே தோற்றேன். எத்தனையோ முறை கேட்ட வரிதான். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. கூடவே உன்மேல் கோபமும் வந்தது. ஏன்டா, கத்திக் கூப்பிட்டால் என்ன? நான் லிஃப்ட் பொத்தானை அமுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். நீ கூப்பிடுவாய் என்றுதான் நின்றேன். நீ கூப்பிடவே இல்லை என்று நினைத்துத்தான் அமுக்கினேன்.

டைரக்டரிடம் பேசிவிட்டேன். செத்த மகள் கிடையாது, விளக்கம் கிடையாது, புதுப் பதிவும் கிடையாது, பழைய டேக்கே இருக்கட்டும் என்றேன். "அப்ப அவரு யார்கிட்டதான் சொல்றாரு?" என்றார். "அதைச் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். சொல்லிவிட்டால் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றுவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடுவார்கள். இப்போது பல் டாக்டர், கோட்டைக்காரர் தன்னிடம் சொல்கிறார் என்கிறார், பஸ் ஓட்டுகிறவர் தன்னிடம் என்கிறார். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை. உண்மை என்னிடம் இருந்தால் போதும்.

ஒன்றே ஒன்றை மாற்றியிருக்கிறேன். முதல் பாகத்தில் அந்தக் கதவு வெறும் படம், தொட்டால் அசையாது. இரண்டாம் பாகத்தில் திரும்பிப் போய் அதைச் சாத்தலாம். சாத்திவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்று நான் இன்னும் எழுதவில்லை. கோட்டைக்காரர் கத்தியை எடுப்பாரா, நாற்காலியை நகர்த்திப் போடுவாரா, ஒன்றும் பேசாமல் இருப்பாரா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

28-ஆம் தேதிக்கு வாய்தா வாங்கச் சொல்லி வக்கீலம்மாவிடம் சொன்னேன். "என்னம்மா, சமாதானமா?" என்றார். "இல்லம்மா, ஒரு சீன் பாக்கி இருக்கு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

கோர்ட்டுக்காகப் போட்ட லீவு வீணாக வேண்டாம். அன்றைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். நிரந்தரமாக வருகிறேன் என்று நீயாகக் கற்பனை செய்துகொள்ளாதே. அடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்க வருகிறேன். வழி எழுது.

உன்,
வசனகர்த்தா


ஆகஸ்ட் 24

என் வசனகர்த்தாவுக்கு,

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வலது பக்கம் திரும்பு. பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் மருந்துக் கடை, அதை ஒட்டி உயரமான கட்டடம். ஐந்தாவது மாடி. லிஃப்ட்டில் ஏறியதும் நான் பேசுவேன், சிரிக்காதே. விலகி நிற்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. இடது பக்கம் கடைசி வீடு. மணி அடிக்க வேண்டாம், திறந்தே வைத்திருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். "இந்தத் தடவையாவது காதுல விழுற மாதிரி சொல்லுடா" என்றாள். அதனால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குளிர் மருந்துக்கும் கிடையாது. இருந்தாலும், கதவைச் சாத்திட்டு வா.

கரகரப்பு