பாசஞ்சரை நிறுத்திய எருமை

3-3-86, திங்கள்

ரயில்வே கேட்டை இறக்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் ஹாரன். கம்பெனி பஸ்காரன் தமிழில் திட்டினான், லாரிக்காரன் கன்னடத்தில், தக்காளி வண்டிக்காரன் தெலுங்கில். மூன்றும் எனக்குப் புரிவதுதான் என் கெட்ட நேரம். கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தவர்கள் இன்று பதினேழு பேர். உயிர் என்ன, கடையில் வாங்குகிற சாமானா?

ஒருத்தன் மட்டும் நுழையவில்லை. முப்பது வயதிருக்கும், வலது கையில் கர்சீப் சுற்றியிருந்தான். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பாசஞ்சர் ரயில் போகும்வரை பார்த்தான். கேட் திறந்தும் தாண்டவில்லை, வந்த வழியே போய்விட்டான். ஓசூரில் ஒரு ஒழுக்கமான மனுஷனாவது இருக்கிறான்.

5-3-86, புதன்

அதே ஆள், அதே கல். பேர் பஷீர் அஹமது. ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினவன். பொங்கலுக்கு முன்னால் கட்டைவிரலும் பக்கத்து விரலும் மிஷினில் போய்விட்டன. இப்போது டைம் ஆபீஸில் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்.

"பாசஞ்சர் இங்க மெதுவாப் போகுமாண்ணா?" என்று கேட்டான்.

"நம்ம கேட்டுலயா? ஒரே புடிதான், பறந்துடும்!" இஞ்சினே என் சொத்து மாதிரி பெருமையாகச் சொன்னேன்.

6-3-86

இன்று வரவில்லை. எதற்குக் கேட்டான் அந்தக் கேள்வியை?

7-3-86, வெள்ளி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

கேட்டை இறக்கிவிட்டுக் கொடியோடு நின்றேன். கல்லில் ஆள் இல்லை. செருப்பு மட்டும் இருந்தது. பள்ளிவாசலில் விடுகிற மாதிரி சேர்த்து வைத்த செருப்பு. இங்கே எங்கே பள்ளிவாசல்? நிமிர்ந்து பார்த்தால் தண்டவாளத்தில் எனக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறான். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி ஊதுது. ஐயோ மாதாவே— பச்சையப் போட்டுட்டு செவப்ப எடுத்துக்கிட்டு ஓடினேன். பாய், பாய்னு கத்தறேன், திரும்பவே இல்ல.

வண்டி நின்றது. எங்களுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் நல்ல தூரம் இருந்தது. அவன் சட்டை என் பிடியில். அந்த நேரத்தில் நான் என்ன கேட்டேன்? "சாப்டியா?"

"இல்லண்ணா," என்றான். அப்புறம்தான் அழுதான்.

டிரைவர் இறங்கி வந்தார். "எதுக்குய்யா செவப்பு?"

உண்மையைச் சொன்னால் இவன்மேல் போலீஸ் கேஸ் ஆகிவிடும். "எருமை சார்," என்றேன்.

டிரைவர் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு சார்."

"பத்திரமா வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ரிப்போர்ட்டிலும் எருமை என்றே எழுதினேன்.

செருப்பு எப்படியோ கேட் ரூம் வாசலுக்கு வந்திருந்தது. ஜெயசெல்வி குவார்ட்டர்ஸிலிருந்து களி கொண்டுவந்தாள். இடது கையால் சாப்பிட அவன் கூச்சப்பட்டதைப் பார்த்து, ஒரு ஸ்பூனை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் பெண்டாட்டிக்கு என்னைவிட அறிவு அதிகம். அவன், "சட்டை பட்டன்கூட என் வீட்டுக்காரி அதியாதான் போட்டுவிடறா. நான் எதுக்குண்ணா?" என்றான். நான் அறிவு கெட்டவன், திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினான். டியூட்டி முடிந்ததும் நானே வீடுவரை கூடப் போனேன். அவன் எதிரிலேயே அதியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகிறான். இருக்கிறானே.

9-3-86, ஞாயிறு

தவக்காலம் என்பதால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ரிப்போர்ட்டில் பொய் எழுதினேன், சத்தியத்தை மீறினேன் என்று இரண்டையும் சொன்னேன். "இதுல எதுக்கு வருத்தப்படறீங்க அருள்ஜோசப்?" என்றார் ஃபாதர். "எதுக்கும் இல்ல ஃபாதர்." "அப்ப அந்த ஆளுக்காக வேண்டிக்கோங்க," என்றார்.

13-3-86

அதியாவும் அவள் அண்ணன் ஷௌகத் அலியும் அவனைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தானாம். "கைக்குக் கட்டுப் போட்டுக்கிட்டீங்கல்ல, இதுவும் அப்படித்தான்," என்றிருக்கிறாள் அதியா. டாக்டர் மாத்திரை கொடுத்தாராம், ஒரு மணி நேரம் பேசினாராம். வாரம் ஒருமுறை போக வேண்டும். குணமாகும்வரை வீட்டில் அவனைத் தனியாக விடுவதில்லை.

17-3-86, திங்கள்

மெமோ வந்துவிட்டது. ஆறு நிமிடம் வண்டி நின்றதற்கு விளக்கம் வேண்டுமாம். எருமையின் சொந்தக்காரர் யார்? ஏன் பட்டியில் அடைக்கவில்லை? எருமை என்று எழுதினபோது அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்று தோன்றவில்லையே! பதினாறு வருஷ சர்வீஸ். ஜெயசெல்வியிடம் இன்னும் சொல்லவில்லை.

24-3-86

மெமோ விஷயமாக ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். "எருமை யாருது?" என்றார். நான் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தேன். லைன் ஓரம் மாடு மேய்க்கும் வெங்கடம்மாள் கையில் குச்சியோடு நேராக வந்தாள்.

"என் எருமைதான் சாமி. கயித்த அத்துக்கிச்சு."

கால் மணி நேரம் அவளைத் திட்டி, எச்சரிக்கை எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும், "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கு நான் அங்கதானே நின்னேன். அந்தச் செருப்ப யாரு எடுத்து வந்து வெச்சதுன்னு நெனச்சே?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மெமோ விஷயத்தை ஜெயசெல்வியிடம் இப்போதுதான் சொன்னேன். இரண்டு நாள் பேசமாட்டாளாம்.

18-4-86

அதியா மார்க்கெட்டில் பார்த்துச் சொன்னாள்: "நேத்து சிரிச்சாருண்ணா." வெங்கடம்மாள் கைநாட்டு வைத்த கதையைக் கேட்டுத்தானாம்.

4-8-86, திங்கள்

குனிந்து நுழைந்தவர்கள் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவது ஆள் குனியும்போது பின்னாலிருந்து ஒரு அதட்டல். "யோவ், நில்லுய்யா! ரெண்டு நிமிசத்துல என்ன குடி முழுகிடும்?"

பஷீர், சைக்கிளில். கம்பெனி ஸ்டோரில் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களாம். இடது கையால் எழுதப் பழகுகிறானாம். மாதம் ஒருமுறை பெங்களூர் போகிறான். அன்றைக்கு அப்புறம் என்னிடம் அவன் பேசுவது இதுதான் முதல் தடவை.

"எருமை எப்படிண்ணா இருக்கு?"

"மேயுது," என்றேன்.

சட்டை பட்டன் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதியா போட்டுவிட்டிருந்தால் அப்படி இருக்காது. சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பாசஞ்சர் போனதும் கேட்டைத் தூக்கினேன். எல்லோருக்கும் முன்னால் அவன் தாண்டிப் போனான்.