இரண்டு அடியும் ஓர் ஓணானும்

கொட்டாஞ்சேனை,
16 செப்டம்பர் 2024

அன்புள்ள காட்டுத் துரைக்கு,

இங்கே முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே குளிரைத் தவிர மற்ற எல்லாம் சுகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மலையில் ஃபோன் வேலை செய்யாது என்று நீங்கள் சொன்னபோது நம்பவில்லை. பதினொரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன். உங்களுக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது கலியாணத்துக்கு முன். அப்போதும் நீங்கள் எங்கேயோ காணி அளந்துகொண்டுதான் இருந்தீர்கள்.

பென்ஷன் எடுத்த மனிதர் வீட்டில் இருந்து பேப்பர் பார்ப்பார் என்று கனவு கண்டேன். அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளை நதீஷா வந்து, “அங்கிள், மலை ஏறுற ஆக்கள் போற பாதை ஓணான் முட்டை போடுற இடத்துக்குள்ளால போகுது. அதை விலத்திப் புதுப் பாதைக்கு அளந்து தருவீங்களா?” என்று கேட்டாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் நீங்கள் ஓம் சொல்லிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் மெல்பேர்னில் இருந்து தினமும் ஃபோன் எடுக்கிறாள். எனக்கு விசா வந்துவிட்டது. “அம்மா, அப்பாவுக்குத்தான் காடு இருக்கே. நீங்க வந்து என்னோடயே இருங்கோவன்” என்கிறாள். போகவா, வேண்டாமா? நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் என்றுதானே போனீர்கள்.

உங்கள்
ஐறீன்

*

மலை விடுதி,
25 செப்டம்பர் 2024

அன்புள்ள ஐறீன்,

கடிதம் கிடைத்தது. கடைக்குப் பாணும் சாமானும் ஏற்றிவரும் வான்காரர்தான் இங்கே தபால்காரரும். நான் சுகம்.

நேற்று அந்த ஓணானை முதன்முதலாகக் கண்டேன். இந்த மலைகளில் மட்டும்தான் இருக்கிறதாம். ஒரு விரல் நீளம். மூக்கின் நுனியில் சின்ன இலையை ஒட்டிவிட்டதுபோல ஒன்று. பாசி படிந்த மேட்டில் அசையாமல் இருந்தது. நதீஷா காட்டியிராவிட்டால் மிதித்திருப்பேன். அந்த மேட்டு மண்ணுக்குள்தான் முட்டை போடுகிறது. சனி ஞாயிறுகளில் இருநூறு பேருக்குக் குறையாமல் அதன் மேலால் நடக்கிறார்கள். படம் எடுக்க ஏறி நிற்கிறார்கள். மழையில் வழுக்கும்போது மண்ணோடு சரிகிறார்கள்.

முதலில் மேட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் கோடு போட்டேன். போதாது என்றாள் நதீஷா. அழித்துவிட்டு முப்பது அடி தள்ளிப் போட்டேன். பிறகு மண் சரிவைப் பார்த்தபோது எனக்கே மனம் கேட்கவில்லை. அதையும் அழித்துவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கமாகப் பாதையைக் கொண்டுபோயிருக்கிறேன். நடப்பவர்களுக்கு முக்கால் மணித்தியாலம் கூடும். பரவாயில்லை. இன்னும் இரண்டு கிழமை வேலை இருக்கிறது.

மெல்பேர்ன் விஷயம் உமது விருப்பம்.

அன்புடன்,
ஹியூபேட்

*

கொட்டாஞ்சேனை,
3 ஒக்டோபர் 2024

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஓணானுக்குப் பதினைந்து வரி, எனக்கு ஒரு வரி.

அடுத்த வீட்டு மஸாஹிரா கேட்டாள், “வயசுப் பெட்டையோட காட்டுல நிக்கிறார், உங்களுக்கு ஒண்டும் இல்லையா?” என்று. சிரித்துவிட்டேன். நதீஷா நல்ல பிள்ளை. அவளில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. எனக்குப் பொறாமை அந்த ஓணானில். சிரிக்காதீர்கள்.

மட்டக்குளியில் அப்பாவின் காணியை எனக்கும் தம்பி றேமண்டுக்கும் பிரித்தபோது அளந்தது நீங்கள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. மகள் பிறந்த வருஷம் நான் நட்ட ஜம்பு மரத்தின் நடுவால் கோடு போட்டீர்கள். இரண்டு அடி தள்ளிப் போடுங்கள், மரம் என் பக்கம் வரட்டும் என்று கேட்டேன். எல்லோருக்கும் முன்னால் கையைப் பிடித்துக் கேட்டேன். “கோடு போட்டா போட்டதுதான் ஐறீன், அது ஆருக்கும் வளையாது” என்றீர்கள். பாதி மரம் தன்னுடையது என்று றேமண்ட் அந்த மாதமே தறித்தான். காய்த்துக்கொண்டிருந்த மரம்.

நேர்மையான மனிதரைக் கட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது நீங்களே எழுதுகிறீர்கள், கோட்டை இரண்டு தரம் அழித்தேன் என்று. அது உங்களிடம் கேட்கவுமில்லை. மூக்கில் இலையோடு சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

ஐறீன்

*

மலை விடுதி,
14 ஒக்டோபர் 2024

அன்புள்ள ஐறீன்,

உறுதிப் பத்திரம் எழுதிய காணி வேறு, காட்டுப் பாதை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர். அளவைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

இங்கே வேலை சிக்கலாகிவிட்டது. புதுப் பாதையால் போனால் அருவி தெரியாது என்று வழிகாட்டிகள் சண்டைக்கு வருகிறார்கள். தேத்தண்ணீர்க் கடைக்காரர் தன் கடை வாசலால் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று என்னோடு கதைப்பதில்லை. கடையை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்ற இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மேட்டில் புதிதாக நான்கு முட்டைகள் இருக்கின்றன. பழைய பாதையை முள்ளுப் போட்டு அடைக்கும்வரை விட்டுவிட்டு வரமுடியாது. நவம்பர் ஆகும்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசும்.

ஹியூபேட்

*

கொட்டாஞ்சேனை,
24 ஒக்டோபர் 2024

நில அளவையாளர் திரு. ஹியூபேட் அவர்களுக்கு,

தேத்தண்ணீர்க் கடைக்குக்கூட இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

நேற்று பஸ் எடுத்து மட்டக்குளிக்குப் போனேன். அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. றேமண்ட் அதன் மேல் பூச்சட்டி வைத்திருக்கிறான். “அக்கா, இன்னுமா அதை நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?” என்று கேட்டான். ஓம் என்றேன்.

மகளிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். டிசம்பர் மூன்றாம் திகதி. உங்களிடம் போகவா என்று கேட்டேன். என் விருப்பம் என்றீர்கள். என்னைப் போகாதே என்று சொல்ல உங்களுக்கு எந்தச் சட்டம் தடையாக இருந்தது என்று தெரியவில்லை. அந்த நான்கு முட்டைகளுக்குக் காவல் இருங்கள். அதுகளாவது கொடுத்துவைத்ததுகள்.

ஐறீன்

*

மலை விடுதி,
5 நவம்பர் 2024

என் ஐறீன்,

இதை நான்கு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

போன கிழமை கடை வாசலில் வழிகாட்டிகள் என் காதுபடச் சொன்னார்கள்: “அந்தப் பெட்டைக்காகத்தான் கிழவன் பாதையை வளைக்கிறான்.” கேட்டுக்கொண்டே நடந்து போய் அடுத்த குச்சியை நட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. விடுதிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே பேச்சுக்குத்தானே நான் அன்று பயந்தேன்?

மட்டக்குளிக் காணியை நான் மூன்று முறை அளந்தேன். எல்லைக் கல் ஒன்று இடம் பெயர்ந்து கிடந்தது. அதிலிருந்து இரண்டு முறை அளந்தபோது கோடு மரத்தின் நடுவால் போனது. எனக்குச் சந்தேகம். மண்ணைக் கிண்டிக் கல்லின் பழைய குழியைக் கண்டுபிடித்து அங்கிருந்து மூன்றாம் முறை அளந்தேன். மரம் முழுவதும் உமது பக்கம் வந்தது. இரண்டு அடி மிச்சமாக. அதுதான் சரியான அளவு.

பெண்சாதிக்கு வளைத்துக் கொடுத்தான் என்று றேமண்ட் சொல்வான், நான் வேலை செய்த கந்தோரில் சொல்வார்கள் என்று பயந்து, மூன்றாம் அளவை எழுதிய பக்கத்தைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து கிழித்தேன். நீர் கையைப் பிடித்துக் கேட்டபோது, உமக்குச் சொந்தமானதைத்தான் கேட்கிறீர் என்று எனக்குத் தெரியும்.

நேற்று நதீஷா கேட்டாள், “அங்கிள், நீங்க எப்பவும் இப்பிடித்தான் திரும்பத் திரும்ப அளப்பீங்களா?” என்று. அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு இதை மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

போகாதேயும், ஐறீன்.

ஹியூபேட்

*

கொட்டாஞ்சேனை,
16 நவம்பர் 2024

உங்களுக்கு,

கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கவில்லை.

இத்தனை வருஷமும் நீங்கள் நேர்மையானவர் என்பதற்காகக் கோபப்பட்டேன். அந்தக் கோபத்திலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் மனிதர் எனக்காகக்கூட வளையமாட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது அதுவும் இல்லை.

நான் போகிறேன். திரும்பி வரும் திகதி போடாமல்தான் டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

முட்டை பொரிக்கும்வரை நீங்கள் அங்கேயே இருங்கள். மனதாரச் சொல்கிறேன், நடுவில் விட்டுவிட்டு வந்தால் அதையும் மன்னிக்கமாட்டேன். வேலை முடிந்ததும் மட்டக்குளிக்குப் போங்கள். அந்தக் குழியை மறுபடி தேடுங்கள். நாலாம் முறை அளந்து, கோடு எங்கே, மரம் எங்கே என்று உங்கள் கையால் படமாகக் கீறிக் கையெழுத்துப் போடுங்கள். எனக்குக் காணி வேண்டாம், அதை வைத்து றேமண்டோடு சண்டையும் பிடிக்கமாட்டேன். ஆனால் நீங்கள் அளக்கும்போது அவன் பக்கத்தில் நிற்கவேண்டும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பெண்சாதிக்காக அளக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிறகு அதை மெல்பேர்னுக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் திகதி போடுவேன்.

உங்கள் கம்பளிச் சட்டையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கழுத்துப் பட்டன் தைத்திருக்கிறது.

ஐறீன்

பி.கு.: ஓணான் குஞ்சுகள் வெளியே வந்தால் எழுதுங்கள். ஆனால் என் மரத்தின் கடிதம் முதலில் வரவேண்டும். அதுகள் இரண்டாவது.