தப்பாகப் படிக்கும் அம்மா

ஜனவரி 11, சனி

நூலகத்து மாடியில் அம்மாக்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு மட்டும். பிறகு கதவைத் திறந்துவிடுகிறார்கள். பக்கத்து அறையில் விளையாடும் பிள்ளைகள் தலைதெறிக்க ஓடிவந்து அவரவர் அம்மா மடியில் ஏறிக்கொள்கின்றன. அம்மா படிக்க, பிள்ளை கேட்க வேண்டும். என் மடி காலி. டீ குடித்த கப்புகளைக் கழுவுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

"பொண்ணு அங்க, படிப்பு இங்கயா?" என்று இவர் சிரித்தார். விசா கிடைத்து அவள் இந்த நாட்டில் வந்து இறங்கும்போது நான் பேந்தப் பேந்த விழிக்கக் கூடாதே, அதற்குத்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

ஊரில் மகள் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன்.

"சாப்டியாடி?"

"ம்."

"ஸ்கூல் எப்படி?"

"ம். பெரியம்மாகிட்ட குடுக்கவா?"

ஏழு வயசுக்கு என்ன பிகு! இரண்டு வருஷமாகப் பார்க்காதவளிடம் என்னதான் பேசுவாள், பாவம். கோபம் வருகிறது — யார் மேல்?

பிப்ரவரி 8, சனி

கப்பு கழுவும் சாக்கை டீச்சரம்மா கண்டுபிடித்துவிட்டார். கரடிக் கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்து, போனில் படித்துக் காட்டச் சொன்னார். நான் வீடு திரும்பும் மதியம், அங்கே அவள் படுக்கப் போகும் நேரம். பக்கங்களைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது வரியில் களுக்கென்று சிரிப்பு.

"ஐயே, அம்மா! அப்படி இல்ல. நான் சொல்றேன், கேளு."

என் பெண் என்னிடம் பேசினாள்!

பிப்ரவரி 22, சனி

மறுபடி கரடி. மறுபடி திட்டு. வாங்கிக் கட்டிக்கொள்ள இவ்வளவு ஆசையாக இருக்கும் என்று யார் கண்டது?

மார்ச் 15, சனி

வகுப்பில் எல்லார் முன்னாலும் தடங்கலில்லாமல் படித்துவிட்டேன். கைதட்டினார்கள். எனக்குத்தான் பகீரென்றது — இனி அவள் எதைத் திருத்துவாள்?

போனில் மூன்று இடத்தில் வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். மூன்றையும் பிடித்தாள், கெட்டிக்காரி. பெற்ற பிள்ளையை ஏமாற்றுகிறேனோ? ஏமாற்றினால் என்ன, எனக்கு அவள் குரல் வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

அகப்பட்டுக்கொண்டேன்.

"வேணும்னே தப்பா படிக்கிற. போன வாரம் இத சரியா சொன்னியே? ஏம்மா?"

"சரியா படிச்சா நீ போனை வச்சுட்டுப் போயிடுவியேடி."

உளறிவிட்டேன். போன் கை மாறியது. பிறகு அக்கா குரல்: "அழறா. அப்புறம் பேசு."

ஏப்ரல் 7

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தேன்?

ஏப்ரல் 12, சனி

கூப்பிடப் பயந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே அடித்தது.

"இன்னிக்குப் படிக்கலையா? ஒழுங்கா படி. நான் நடுவுல பேச மாட்டேன்."

படித்தேன். ஒரு தப்பும் இல்லாமல், மெதுவாக, கடைசிப் பக்கம் வரை. முடிந்தும் ஒரு சத்தத்தையும் காணோம். லைன் போய்விட்டதா?

அக்காதான் கிசுகிசுத்தாள். "தூங்கிட்டாடி. போனைக் கைல பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. எடுத்துடவா?"

"வேணாம்க்கா. இருக்கட்டும்."

இவர் சாப்பிடக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.