ஆயிரத்து முந்நூற்றுப் பத்து பவுண்ட்

மார்ச் 4, திங்கள்

பனி இன்னும் முழங்கால் வரை. ஸ்டான்ஃபோர்டு பக்கம் ஒரு பண்ணையில் உதிர்ந்த மான் கொம்புகள் ஒரு வேன் நிறைய எடுத்தேன். நல்ல பழுப்புக் கொம்பு, நாய் கடிக்கத் துண்டு போடுகிறவன் சந்தோஷமாக வாங்குவான். வேன் ஏற்றத்தில் இருமுகிறது. இதை வைத்துக்கொண்டு டிரெய்லர் இழுக்க முடியாது.

வேட்டைக் கூட்டாளி கெய்லனின் பிக்கப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். நவம்பரில் மூன்று குதிரைகளும் பின்னால் நிற்க, கணவாய்க்குக் கீழே கியர்பாக்ஸ் போய்விட்டது. அன்றிலிருந்து அவன் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. கேட்டால் "பாத்துக்கலாம்" என்கிறான். நான்கு மாதப் "பாத்துக்கலாம்".

இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஏற்பாடு மாறியதில்லை. குதிரைகளும் டிரெய்லரும் என்னுடையவை, இழுக்கிற வண்டி அவனுடையது. எல்க் மான் யார் குண்டுக்கு விழுந்தாலும் பாதிப் பாதி. வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன் மேல் வைத்தே பிரிப்போம். பிறகு அவரவர் பங்கில் கொஞ்சம் இறைச்சியை அரைத்துச் சாசேஜ் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு பொட்டலம். தபால்காரி லூவானுக்கும் ஒன்று.

இந்த வருடம் நானே ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். அறுபத்து நாலு வயதில் அடுத்தவனின் கியர்பாக்ஸை நம்பி மலை ஏற வேண்டுமா?

மார்ச் 9, சனி

காபிக் கடையில் கெய்லனிடம் சொன்னேன். முட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"எதுக்கு? என் வண்டி இருக்கே."

"உன் வண்டி செத்துப்போச்சுடா. அடக்கம் பண்றதுதான் பாக்கி."

சிரித்தான். நெடுஞ்சாலைத் துறைப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக்காக இருந்தவன், தன் வண்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரித்தே மழுப்புவான். பிறகு சொன்னான்: "சரி, நானும் வரேன். உனக்குக் கொம்பு தெரியும், தோல் தெரியும். வண்டி தெரியாது. கலரப் பாத்து வாங்கிடுவ."

நியாயம்தான். கூட்டிப் போகிறேன்.

மார்ச் 23, சனி

மூன்று இடம் பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை.

முதல் வண்டிக்கு அடியில் படுத்துப் புகுந்தவன் கை நிறையத் துருவோடு வெளியே வந்தான். அதை விற்பவனின் மேஜை மேலேயே கொட்டினான். இரண்டாவதில் இழுகொக்கி கோணல், "எதையோ இழுத்துட்டு எங்கயோ விழுந்திருக்கு" என்றான். மூன்றாவதில் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் தூணில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினான்.

"விளம்பரத்துல பத்தாயிரம் பவுண்ட் இழுக்கும்னு போடுவான். அது சின்னப் பசங்களுக்கு. நீ இதப் படி. வண்டி தன் முதுகுல எவ்வளவு தாங்கும்னு இங்கதான் எழுதியிருக்கும். டிரெய்லர் கொக்கிய அமுக்குற எடை, நீ, நான், கூடாரம், அடுப்பு, எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். இங்க எவன் படிக்கிறான்? எல்லாரும் இழுக்குற கணக்க மட்டும் பாத்து வாங்கிட்டு, முன்சக்கரம் தரையில நிக்கலையேன்னு அழுவாங்க."

கேட்டுக்கொண்டேன். ஆனாலும் ஒரு நாளில் மூன்று வண்டியைக் கழித்துவிட்டான். கழிப்பது யாருக்கும் சுலபம்.

ஏப்ரல் 6, சனி

கிரேட் ஃபால்ஸ் போனோம், என் மனைவி டோரீனும் வந்தாள். பெரிய கடை, வாசலில் இலவச பாப்கார்ன். விற்பனையாளன் பெயர் ப்ரென்ட், பல்லெல்லாம் வெள்ளை.

அங்கே ஒரு விநோதம். பிக்கப்களை வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டு வந்த கெய்லன், ஒரு எஸ்.யூ.வி. முன்னால் போய் நின்றுகொண்டான். ஏழு இருக்கை. அதன் அடியில் படுக்கவில்லை, துரு தேடவில்லை.

"இத வாங்குடா. டோரீனுக்கும் வசதி."

டோரீன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். "முதுகு வலிக்கவே இல்ல. உன் வேன்ல உக்காந்தா நானே தோலாயிடறேன், அந்த நாத்தம்."

"குதிரைய எப்படி இழுக்கறது?"

"ரெண்டு குதிரைன்னா இது இழுக்கும்" என்றான் கெய்லன்.

"நமக்கு மூணு."

"மூணுன்னா அப்பப் பாத்துக்கலாம்."

திரும்பவும் அதே "பாத்துக்கலாம்". ஏறிப்போக இரண்டு, சுமக்க ஒன்று. இரண்டு குதிரையோடு நாங்கள் என்றைக்கு மலைக்குப் போனோம்? அவனுக்குத் தெரியாதா?

ஒருவன் தனக்குப் பயனில்லாத பொருளைப் புகழ்ந்தால் நான் காது கொடுத்துக் கேட்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் புகழ்ச்சிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். காரின் பின்பெட்டியில் நாலு தோலோடு பத்தொன்பது வயதில் ஆரம்பித்தவன் நான். எனக்குச் சோறு போட்டது இந்தப் புத்திதான்.

ஏப்ரல் 13, சனி

கிரேட் ஃபால்ஸில் தோல் பதனிடுபவனைப் பார்க்கப் போனேன், தனியாக. திரும்பும் வழியில் அந்தக் கடைக்குள் வண்டியை விட்டேன்.

கண்ணாடி அறைக்குள் கெய்லன். ப்ரென்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஊரிலிருந்து நூற்றைந்து மைல் தள்ளி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ப்ரென்ட் ஒரு கவர் கொடுத்தான். இவன் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். கை குலுக்கினார்கள்.

நான் இறங்கவே இல்லை. அந்தக் கவர் எனக்குத் தெரியும். கொம்பை எனக்கே தள்ளிவிடும் பண்ணை மேஸ்திரிகளுக்கு நானே எத்தனை கவர் கொடுத்திருக்கிறேன். வாங்குகிறவன் மடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

டோரீனிடம் சொன்னேன். "கெய்லனா? அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?" என்றாள்.

சாமர்த்தியம் வேண்டாம். தேவை இருந்தால் போதும்.

ஏப்ரல் 20, சனி

எழுதத் தோன்றவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

ப்ரென்ட் ஒரு கறுப்பு பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். நாலு கதவு, தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி, பதினோராயிரம் பவுண்ட் இழுக்கும். எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன். பிறந்ததிலிருந்து அடுத்தவன் ஓட்டித் தேய்ந்ததையே ஓட்டியிருக்கிறேன்.

கெய்லன் கதவைத் திறந்தான், குனிந்தான். "ஆயிரத்து முந்நூத்திப் பத்து. பாத்தியா? கண்ணாடி, மோட்டார்னு அலங்காரமே பாதியத் தின்னுடுச்சு. உன் டிரெய்லர் மட்டும் தொள்ளாயிரம் அமுக்கும். இது வேணாம்டா."

"அப்ப எது வேணும்? அந்த ஏழு சீட்டா?"

"அது நல்ல வண்டி."

"ப்ரென்ட் எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

"என்ன?"

"போன சனிக்கிழம. கவரு. நான் வெளியதான் நின்னுட்டிருந்தேன்."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பிறகு எங்காவது பியர் குடித்து முடித்திருப்போம். அவன் முகம் மட்டும் மெதுவாகச் சிவந்தது. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், அதில் என்னவோ எழுதியிருக்கிற மாதிரி.

"அப்படித்தான் நெனச்சியா, ரோலி?"

"வேற என்ன நெனைக்க?"

"கேட்டிருக்கலாம்."

"இப்பக் கேக்குறேனே."

"இல்ல. இது கேக்குறதில்ல" என்றான்.

நடந்து வெளியே போனான். என் வேனில் வந்தவன் எப்படி ஊர் திரும்பினான் என்று தெரியாது. நான் போய்த் தேடவும் இல்லை. உட்கார்ந்து கறுப்பு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டேன். பாப்கார்ன் கூடச் சாப்பிட்டேன்.

மே 11, சனி

போன் இல்லை. நானும் செய்யவில்லை. தப்பு செய்தவன் முதலில் வரட்டும்.

ஜூன் 22, சனி

இருக்கை சூடாகிறது. பக்கத்து இருக்கைக்கும் தனிப் பொத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

எண்ணெய் மாற்றப் போனேன். ப்ரென்ட் ஓடிவந்து கை கொடுத்தான்.

"உங்க ஃப்ரெண்டுக்கு அந்த கியர்பாக்ஸ் செட் ஆயிடுச்சா, சார்?"

"எந்த கியர்பாக்ஸ்?"

"பின்பக்கம் ஒரு பழைய பிக்கப் கவுந்து கெடந்துதே, அதே மாடல். ஏப்ரல்ல வந்து வாங்கினாரே. ரசீது கூட நான்தான் கவர்ல போட்டுக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. சீசனுக்கு முன்னாடி ஓட்டிக்கிட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்தணும்னாரு." சிரித்தான். "சொல்லிட்டேனோ?"

"பரவாயில்ல" என்றேன்.

நூற்றைந்து மைலும் ரேடியோ போடாமல் வந்தேன்.

இப்போது எல்லாம் வரிசையாக நிற்கிறது. நான் எஸ்.யூ.வி. வாங்கியிருந்தால் இழுக்கிற வேலை அவனிடமே இருந்திருக்கும். குதிரை என்னுடையது, வண்டி அவனுடையது, பாதிப் பாதி. நான் பிக்கப் வாங்கினால் குதிரையும் என்னுடையது, வண்டியும் என்னுடையது. அவன் அதில் யார்? பக்கத்து இருக்கையில் ஏறி வருகிற விருந்தாளி. அறுபத்தாறு வயதில், என் வண்டியில் பெட்ரோலுக்குப் பங்கு நீட்டிக்கொண்டு.

இதை அவன் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான். நானும்தான் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டிக்கர் விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. ஒரு தடவைகூட.

கொம்பைத் தூக்கிப் பார்த்தே எந்த வருடம் உதிர்ந்தது என்று சொல்வேன். இருபத்திரண்டு வருடம் ஒரே கூடாரத்தில் தூங்கியவன் கவரை மடித்தால் எனக்கு மேஸ்திரியாகத் தெரிகிறான். நல்ல வியாபாரிதான் நான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

"போய்க் கேளு" என்கிறாள் டோரீன். "ஒரே வார்த்த. மன்னிச்சுக்கோன்னு. உனக்கு வாய்ல வரலன்னா எழுதிக் குடுக்கறேன்."

நாளைக்கு என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

அந்த "நாளைக்கு" பதினைந்து நாளாகிவிட்டது. இன்று வண்டியை எடுத்துக்கொண்டு அவன் தெருப்பக்கம் போனேன். அந்தக் கறுப்பு வண்டியில், வேறு எதில் போவது! அதுவே தப்போ?

பழைய பிக்கப் வாசலில் நின்றது. கழுவியிருந்தான். பானெட் திறந்திருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். நான் வேகத்தைக் குறைத்தேன். அவன் ஒரு விரலைத் தூக்கினான். மண் சாலையில் எதிரே வருகிற எந்த வண்டிக்கும், முன்பின் தெரியாதவனுக்கும், தூக்குகிறோமே, அந்த ஒரு விரல்.

திட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நானும் ஒரு விரலைத் தூக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மலைக்குப் புறப்பாடு. தனியாக. "விழுந்தா யாரு பாப்பா?" என்றாள் டோரீன். யாரும் இல்லை.

குதிரைகளை ஏற்றிக் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. தானியக் கிடங்கின் எடைமேடைக்கு விட்டேன். டிரெய்லரின் சக்கரங்களை வெளியே நிறுத்தி, பிக்கப்பை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னான், அங்கே எடை போடும் ஆர்லோ.

"என்ன முதலாளி, அரண்மனையவே இழுத்துட்டுப் போறீங்க? எங்க உங்க கூட்டாளி?"

"வரல."

அவன் எடைச்சீட்டைப் பார்த்தான், கதவுத் தூணில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். "கொக்கி தொள்ளாயிரம் அமுக்குது. எல்லாம் சேத்து ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூறு ஏத்தியிருக்கீங்க. எல்லை ஆயிரத்து முந்நூத்திப் பத்து. இருபது பவுண்ட் மிச்சம். அதிர்ஷ்டக்காரரு."

கெய்லன் இருநூற்று நாற்பது பவுண்ட். குளிர்காலத்தில் அதற்கும் மேல்.

நான் வாங்கிய வண்டி இது. கூடாரம், அடுப்பு, சாப்பாட்டுப் பெட்டி, நான். ஐந்து பேருக்குத் தோல் இருக்கை போட்டிருக்கிறான், குதிரையோடு போனால் இரண்டாவது ஆளைத் தாங்காது. ஏப்ரலிலேயே, எல்லார் முன்னாலும், கதவைத் திறந்து காட்டினான் கெய்லன்.

எடைச்சீட்டை டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டேன்.

அக்டோபர் 26, சனி

சீசன் முதல் நாள். பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஏழெட்டு வண்டி. அதில் கெய்லனின் பழைய பிக்கப். பின்னால் புத்தம் புது டிரெய்லர். ஊருக்குப் புதிதாக வந்த பல் டாக்டருடையது, உள்ளே இரண்டு கோவேறு கழுதை. இரண்டு பேரும் பின்பலகையை இறக்கி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எதற்கோ சிரித்தார். கெய்லன் பழைய கதையில் ஒன்றைச் சொல்லியிருப்பான். அதில் நானும் இருக்கிறேனா?

வாகன வரிசையின் மறுகோடியில் நிறுத்தினேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஆறு கிளைக் கொம்போடு ஒரு எல்க் கிடா. பள்ளத்தின் அடியில், முந்நூறு கஜம். பக்கவாட்டில் அப்படியே நின்றது. கொம்பின் எடைகூட மனதில் ஓடியது.

சுடவில்லை. எழுநூறு பவுண்ட் மிருகத்தை அந்தப் பள்ளத்தில் போட்டு, நான்காக வெட்டி, ஒவ்வொரு காலாக மேலே ஏற்ற ஒருவன் போதாது. பிடிக்க ஒருவன், அறுக்க ஒருவன். துப்பாக்கியை இறக்கினேன். அது நின்று பார்த்துவிட்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போனது.

அடுப்பைக் கழற்றிக் கட்டினேன்.

நவம்பர் 16, சனி

கெய்லனுக்கு ஐந்து கிளைக் கிடா விழுந்ததாம். காபிக் கடையில் பேச்சு. டாக்டரோடு பாதிப் பாதி.

நவம்பர் 23, சனி

காலையில் டோரீன் வாசல் கைப்பிடியில் தொங்கிய ஒரு பையை எடுத்துவந்தாள். இறைச்சி சுற்றும் வெள்ளைத் தாள், மேலே கறுப்பு மையில் அவன் கையெழுத்து: "எல்க். 2019."

"பாத்தியா, கோவம் போயிடுச்சு" என்றாள் டோரீன். அவளுக்கு அப்படித் தெரிகிறது.

கையில் வாங்கிப் பார்த்தேன். பிரிக்கவே வேண்டாம். சாசேஜ், ஒரு பவுண்ட். எதிர் வீட்டுக் கைப்பிடியிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. லூவானின் தபால் ஜீப் வந்தபோது எட்டிப் பார்த்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, கடிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில், அதே அளவில் ஒன்று.