அளவுப் புத்தகத்தில் செம்மண்

14–11–61, செவ்வாய். உத்திரமேரூர்.

பட்டணத்தில் இன்று இன்டர்வியூ. "நல்ல எஞ்சினியருக்கு முதலில் என்ன வேண்டும்?" என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார். "கண் வேண்டும், சார்" என்றேன். போன மழையில் எங்கள் ஏரிக்கரையில் கசிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தேன், கலங்கலாக இருந்தது, உள்ளே கரை கரைகிறது என்று புரிந்து மணல் மூட்டை அடுக்கச் சொன்னேன் என்றேன். உள்ளங்கையைக் குவித்துக்கூடக் காட்டினேன். "இந்த மாதிரி ஆள்தான் வேண்டும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

உண்மையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு ஓடிவந்தவள் மண் சுமக்கும் கன்னியம்மா. வேலையை மேற்பார்த்த நான் கொட்டகையில் உட்கார்ந்து, அன்றைய மண் வேலைக் கணக்கை அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். "கசியாத கரை எங்கே இருக்கு? போய்க் கூடையத் தூக்கு" என்று விரட்டினேன். மறுபடியும் ஏந்திவந்து புத்தகத்தின் மேலேயே ஊற்றினாள். தாளில் செம்மண் படிந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்து ஓடினேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரில் அவளே வருகிறாள்.

"இன்னா சார், வேல கெட்ச்சிதா?"

"கிடைக்கும்போல இருக்கு."

"கெடைக்கும் சார். அன்னிக்கி உங்க புஸ்தகத்தையே நாசம் பண்ணிட்டேன். நீங்க மேலாபீசுக்கு எய்திப் போடல. வேற ஆளா இருந்தா என்னிய வேலய விட்டே நிறுத்திருப்பான். அந்த மனசுக்கே கெடைக்கும்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மேலே எழுதாததற்குக் காரணம் மனசு இல்லை. எழுதியிருந்தால், முதலில் பார்த்தது யார் என்பதையும் எழுத வேண்டியிருந்திருக்கும்.