புல்கெண்டை தின்ன அல்லி

ஏட்டி,

கிழிச்சுப் போடாம கடைசி வரைக்கும் படி.

ஆன்லைன்ல வாங்குன அல்லிக் கிழங்க தொட்டியில நட்டு, நம்ம கண்மாய்க்குள்ள இறக்குனேன்ல. களிமண்ணு, ஆழம், வெயிலு எல்லாமே வீடியோல சொன்ன மாதிரிதான் பாத்தேன். ஆனா இலை மேல வந்து விரியுறதுக்குள்ள காணாமப் போகுது. மூணு மாசமா இதே பாடுதான். வெறுத்துப்போச்சு.

கண்மாய்ல மீன் குத்தகை உங்கப்பாவுக்குத்தான. வலை இழுக்கையில அவியதான் அறுத்துப் போடுதாவன்னு நானா முடிவு பண்ணி, அவிய முகம் தெரிய வீடியோ போட்டேன். ராஜபாளையம் வரைக்கும் பாத்தாங்க. அதுக்குப் பொறவுதான் நீ பேச்ச நிறுத்துன.

நேத்து சாயந்தரம் கரையில உக்காந்திருந்தேன். இலை தழை திங்குற புல்கெண்டை மீனு ஒண்ணு வந்து இலையக் கவ்வி இழுத்துட்டுப் போச்சு. எம்புட்டோ படிச்சவ நான், இந்தக் கண்மாய்ல என்ன மீன் விட்டிருக்காவன்னு ஒரு வார்த்தை கேக்கல.

உங்கப்பா பின்னாடியே நின்னுருக்காவ.

"ஏட்டி, மீன வீடியோ எடுத்தியா? அது மூஞ்சியும் தெரியட்டும்"னாவ.

பொறவு அவியளே பழைய வலையக் கொண்டாந்து தொட்டியச் சுத்திக் கட்டிவிட்டாவ. திட்டியிருந்தாக்கூடத் தேவல.

வீடியோவ அழிச்சிட்டேன். பாத்தவங்க மனசுல இருக்கத எப்படி அழிக்க? ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நிக்கேன். எல்லாரும் வெளிய வந்த பொறவு, அம்புட்டுப் பேரும் கேக்க உங்கப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும். நீ எங்கிட்டப் பேச வேண்டாம். அவியள வேகமா கூட்டிட்டு மட்டும் போயிராத.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்துல உன் பக்கத்துல உக்காந்தவ