அழுத்தம் படும் இடமெல்லாம்

பிப்ரவரி 2, 2051. காலை. அறை எண் 4.

எட்டாம் வகுப்பில் பரிமளம் என்றொரு மாணவி ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், செருப்பு தேயுது. பாதம் மட்டும் ஏன் தேயல?" செருப்பு செத்த தோல், பாதம் உயிருள்ள தோல், அழுத்த அழுத்த வளரும் என்றேன். அந்தப் பதிலை இப்போது என் காலிலேயே சோதிக்கிறார்கள்.

பேருந்து விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மிச்சமிருக்கும் நுனி, செயற்கைக்காலின் கிண்ணத்தில் உரசி உரசிப் புண்ணாகும். டாக்டர் ரெஹானா என் வலது உள்ளங்காலிலிருந்து செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, சற்றே மாற்றி, அந்த நுனியில் ஊசியால் ஏற்றியிருக்கிறார். எங்கே அழுத்தம் படுகிறதோ அங்கே அவை உள்ளங்கால் தோலை உண்டாக்கும். புல்வெளியில் ஆள் நடக்கும் தடத்தில் மட்டும் ஒற்றையடிப் பாதை விழுகிறதல்லவா, அப்படி. அந்தத் தோல் நிலைக்க, பிறகு இரண்டாவது ஊசியும் உண்டு.

நுனியில் வெதுவெதுப்பு. சிவப்பு இல்லை. எனக்குப் பின்னால் வரும் நோயாளிகள் படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 19. மாலை.

வலி போய்விட்டது. நுனித் தோல் தடித்து மஞ்சளாகியிருக்கிறது. நைலான் இழையால் அங்கே குத்தினால் தெரிவதில்லை. எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர்.

தொற்று வராமலிருக்க ஆளுக்கொரு அறை. பேச்செல்லாம் சுவர்ப்பெட்டி வழியாக. அடுத்த அறையில் சுடலைமுத்து. வாழைத்தார் மண்டியில் சுமை தூக்கியவர். லாரி ஏறி வலது கால் போயிற்று.

"டீச்சர், இன்னிக்கு முழுக்க நடந்தேன். ஒரு எரிச்சல் இல்ல, பாத்துக்கிடுங்க. நீங்க இன்னும் கட்டில்லயே பாடம் நடத்துதீயளா?"

நுனியை உள்ளங்கையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்பது இங்கே விதி. அவர் செய்வது வேறு.

"மண்ணுப் பைய வச்சு மொத்துதேன் டீச்சர். சீக்கிரம் கெட்டியாவும்லா."

சிரித்துவிட்டேன். நானும் சொன்னதைவிட அழுத்தித்தான் தேய்க்கிறேன். வலியோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு, வலிக்காவிட்டால் குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

மார்ச் 8. காலை.

பால் டம்ளரைப் பிடித்திருந்தேன். விரல்கள் சிவந்து கொப்புளித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சூடு என்று தெரிந்தது.

பேனா பிடிக்கும் விரல்கள், முழங்கைகள், படுக்கையில் படும் முதுகு. எல்லாம் மஞ்சள். எல்லாம் தடிப்பு.

டாக்டர் வந்தார். கண்ணை மூடச் சொன்னார்.

"பஞ்சு வைக்கும்போது சொல்லுங்க, டீச்சர்."

காத்திருந்தேன். "இன்னும் வைக்கலையேம்மா" என்றேன். கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் உள்ளங்கையில் இருந்தது.

மார்ச் 15, புதன். மாலை.

சுவர்ப்பெட்டியில் டாக்டர்: "செல்லெல்லாம் ரத்தத்துல பரவியிருக்கு டீச்சர். அழுத்தம் படற இடத்துல உக்காந்துக்குது. ரெண்டாவது ஊசி போட்டா வேகம் கூடிடும். உங்களுக்கு நிறுத்திட்டேன். சுடலைமுத்துவுக்குப் பஞ்சு நல்லாவே தெரியுது. அவருக்கு வெள்ளிக்கிழமை போடலாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவரையே கேட்டேன்.

"கண்ண முழுசா மூடல டீச்சர். எமை இடுக்குல பஞ்சு தெரிஞ்சிச்சு. இருக்குன்னு சொல்லிட்டேன்."

டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொன்னா ஊசி கெடையாது. திரும்பக் கம்பு ஊனி நடக்கச் சொல்லுதீயளா? மண்டியில என்னைய நொண்டின்னுதான் கூப்புடுதானுவ. அவனுவ முன்னால ஒரு வாழத்தாரத் தூக்கிட்டு நடக்கணும். அம்புட்டுதான்."

நாளை மாலைக்குள் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். வகுப்பில் எப்போதும் அப்படித்தான் செய்வேன். பிள்ளை தானாக எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பிடித்துக்கொடுத்தால் அதற்குப் பாடம் ஏறாது.

மார்ச் 16, வியாழன். மாலை.

சுடலைமுத்துவுக்கு ஊசியைக் காலையிலேயே போட்டுவிட்டார்கள். மருந்து ஒரு நாள் முன்னதாகத் தயாராகிவிட்டதாம்.

டாக்டரிடம் சொன்னேன்.

மார்ச் 24. குரல் பதிவு.

விரல்களுக்குப் பேனா தெரியவில்லை. இனிப் பேசுகிறேன், இயந்திரம் எழுதும்.

டாக்டர்: "சுடலைமுத்து போயிட்டாரு டீச்சர். இதயத்துக்குப் போற ரத்தக்குழாய், உள்பக்கமா... குதிகால் தோல் மாதிரி தடிச்சு, அடைச்சிருந்தது."

ரத்தமும் குழாயை அழுத்திக்கொண்டுதானே ஓடுகிறது? இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். விழுங்கும்போது தொண்டை. மூடும்போது இமை. உடம்புக்குள் அழுத்தம் படாத இடம் எது, பரிமளம்?

சுவரைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டது. தட்டியது கைக்குத் தெரியவில்லை.

தேதி தெரியவில்லை. குரல் பதிவு.

நாக்கு பல்லில் படுவது... தெரியவில்லை. சொல் சரியாக [தெளிவில்லை]

டாக்டர் வந்தார். அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வேறு ஊர்களிலும் முதல் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்களாம். எல்லோருக்கும் செய்தி போயிருக்கிறது. எல்லோரும், பஞ்சு தெரிகிறது, நன்றாக இருக்கிறோம், ரெண்டாவது ஊசி எப்போது என்று... [தெளிவில்லை] நடக்க ஆசைப்படுகிறவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

அவகாசம் கொடுக்க எனக்கு இனி நேரமில்லை. அதனால் [தெளிவில்லை] முதல் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்குத்தான் சொல்கிறேன். கேளுங்கள்.

கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, உங்கள் உள்ளங்கையில் ஒரு துளிப் பஞ்சை வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள்.